வைதாலுவில் நிற்காத டிரக்

சவாயித் தீவு, சமோவா
செவ்வாய்க்கிழமை

மதிப்புக்கும் அன்புக்கும் உரிய எதுவாலே அண்ணனுக்கு,

கர்த்தரின் கிருபை உங்களோடும் அண்ணியோடும் பிள்ளைகளோடும் இருக்கட்டும். இங்கே எல்லாரும் சுகம் என்று வழக்கம்போல் எழுதத் தொடங்கினேன், கை வரவில்லை. இசாயா அண்ணன் உயிரோடு இருக்கிறார். அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

இந்தக் கடிதத்தைப் போதகரின் மனைவி கொண்டு வருகிறார். சபைப் பெண்கள் கூட்டத்துக்காக நாளை அவர் பிரிஸ்பேனுக்குப் புறப்படுகிறார். வெள்ளிக்கிழமை நீங்கள் விமானம் ஏறுவதற்குள் உங்கள் கையில் சேர்த்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் கடைசியாகப் பேசியபோது நீங்கள் என்னைப் பேசவே விடவில்லை. "நாளெல்லாம் மாடு அறுக்கிறவன்டா நான். கத்தியை எங்க வைக்கணும்னு எனக்குத் தெரியும். நான் வர்ற வரைக்கும் மன்னிப்புக் கேட்டு அவங்க போர்த்திட்டு வர்ற பாயை ஒருத்தரும் தொடக்கூடாது" என்றீர்கள். நான் வாயைத் திறப்பதற்குள் "கோழைப் பயலே" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டீர்கள். அம்மா என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். உங்கள் குரல் அவளுக்கும் கேட்டது.

நான் கோழையா இல்லையா என்று இதைப் படித்த பிறகு சொல்லுங்கள். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

வைதாலு ஊர்க்காரர்களோடு நம் பையன்கள் கிரிக்கெட் ஆடிய அன்று சண்டை எப்படி மூண்டது என்று உங்களுக்குச் சொன்னவர்கள் பாதியைத்தான் சொல்லியிருக்கிறார்கள். அந்த ஊர்ச் செமீசி மட்டையால் இசாயா அண்ணனின் தலையில் அடித்தான். அது உண்மை. அதற்கு முன்னால் அண்ணன் அவனுடைய அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னார். ஒரு முறை அல்ல. மைதானமே சிரித்தது. நானும் சிரித்தேன். அந்த வார்த்தையைக் கடிதத்தில் எழுத எனக்கு மனமில்லை. அதற்காக அடித்தது சரியென்று நான் சொல்லவில்லை அண்ணா. அண்ணன் மரம் சாய்கிற மாதிரி விழுந்ததை நான் பார்த்தேன். இன்னும் கண்ணை மூடினால் அதுதான் தெரிகிறது.

அன்று சாயங்காலமே போலீஸ் செமீசியைக் கொண்டுபோய்விட்டது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கோயில் மணி அடித்தபோது நம் வீட்டு ஆண்கள் ஒருவரும் வெள்ளைச் சட்டை எடுத்துப் போடவில்லை. பெரியப்பா மகன் ஃபேது மண்ணெண்ணெய் டின்னோடு வந்தான். நான் வெட்டுக்கத்தியைக் கல்லில் தீட்டிக்கொண்டிருந்தேன். இன்னும் சிலரும் சேர்ந்துகொண்டார்கள். செமீசி இல்லாவிட்டால் என்ன, அவன் அப்பன் இருக்கிறான், வீடு இருக்கிறது என்று பேசிக்கொண்டோம். வைதாலுவுக்குப் போக வண்டி வேண்டும். ஊரில் அன்று கிடைத்தது நம் செலைனா அக்காவின் டிரக் ஒன்றுதான். அதன் கியர் அவள் கைக்கு மட்டும்தான் படியும் என்பது உங்களுக்கே தெரியும்.

அக்கா வெள்ளை உடையும் வெள்ளைத் தொப்பியுமாகக் கோயிலுக்குக் கிளம்பி நின்றாள். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் அவளுக்காக வாசலில் காத்திருந்தார்கள். ஃபேது சாவியைக் கேட்டான். அவள் எங்கள் கைகளைப் பார்த்தாள், டின்னைப் பார்த்தாள். அழுவாள், காலில் விழுவாள் என்று நினைத்து நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவளோ பிள்ளைகளிடம் "நீங்க போய்ப் பாட்டை ஆரம்பிங்க" என்று சொல்லிவிட்டு எங்களிடம் கேட்டாள்: "சாப்பிட்டீங்களாடா? வெறும் வயித்தோடயா வீடு கொளுத்தப் போறீங்க?"

"சரி, ஏறுங்க. நானே ஓட்டுறேன். அந்த டின்னை மட்டும் சாப்பாட்டுக் கூடைப் பக்கத்துல வைக்காதீங்க, நாத்தம் ஏறிடும்" என்றாள். மதியச் சாப்பாட்டுக்காக விடியற்காலையில் அடுப்புக்குழியில் வேகவைத்த ஈரப்பலாவும், தேங்காய்ப்பாலில் வெந்த சேம்பிலையும் அந்தக் கூடையில் இருந்தன. அதை முன் இருக்கையில் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். நாங்கள் பின்னால் ஏறினோம். அக்காவும் நம் பக்கம் என்று ஃபேது என் முதுகில் தட்டினான். எனக்கும் அப்படித்தான் பட்டது.

வழியெல்லாம் ஜனங்கள் கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். வண்டியில் இருந்த கத்திகளைப் பார்த்தவர்கள் சாலையோரம் ஒதுங்கி நின்றார்கள். ஒரு தகப்பன் தன் சின்ன மகளைத் தூக்கி அவள் முகத்தைத் தோளில் அழுத்திக்கொண்டதைப் பார்த்தேன். அப்போதும் எனக்கு வெட்கம் வரவில்லை. உடம்பு முழுக்க ஒரு சூடு. பசி இல்லை, பயம் இல்லை. சந்தோஷம் மாதிரிகூட இருந்தது என்று சொன்னால் நம்புவீர்களா?

வைதாலு வந்தது. சாலையோரத்திலேயே அவர்கள் வீடு. நான்கு பக்கமும் மறைப்பு ஓலைகளைத் தூக்கிக் கட்டியிருந்தார்கள். வீடு திறந்து கிடந்தது. பெண்கள், பிள்ளைகள் யாரும் இல்லை. நடுவில் செமீசியின் அப்பா மட்டும் சட்டையில்லாமல் சம்மணமிட்டு, தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். எங்களுக்காகத்தான் உட்கார்ந்திருக்கிறார் என்று பார்த்தவுடன் தெரிந்தது. ஃபேது கேபின் கூரையைத் தட்டினான். வண்டி நிற்கவில்லை. இன்னும் பலமாகத் தட்டினான். நானும் தட்டினேன். வண்டி வேகம் எடுத்தது.

நான் பக்கப் பலகையில் ஒரு காலைத் தூக்கி வைத்துவிட்டேன். அப்போது அக்கா ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக் கத்தினாள். அவள் கத்தி நான் கேட்டதில்லை. "நான் ஆஸ்பத்திரிக்குப் போறேன். குதிக்கிறவன் குதிச்சுக்கோ. கூடப்பிறந்தவன் பொழைச்சானா செத்தானான்னு தெரியாமலே இன்னொருத்தனைக் கொல்லப் போறவன் குதி." காற்றில் தொப்பி பறந்து சாலையில் விழுந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

நான் குதிக்கவில்லை. ஏன் என்று நீங்கள் கேட்பீர்கள். அக்காவின் வார்த்தையைத் தாண்டக்கூடாது என்று அப்பா சொல்லி வளர்த்தார், அது ஒரு காரணம். இன்னொன்று, அவள் கேட்டது உண்மை. அண்ணன் இருக்கிறாரா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. காலையிலிருந்து ஒருவன்கூட விசாரிக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் கத்திகளைச் சாக்குக்கு அடியில் போடச் சொன்னாள். நான் போடவில்லை, இடுப்பில் சுற்றிய லாவாலாவாத் துணியின் மடிப்புக்குள் செருகிக்கொண்டேன். அண்ணன் இருந்த அறைக்கு வெளியே, சுவரில் சாய்ந்து ஒரு பெண் தரையில் உட்கார்ந்திருந்தாள். முந்தின நாள் சாயங்காலம் மைதானத்தில் உடுத்திருந்த அதே உடை. மார்பிலிருந்து முழங்கால் வரை ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது. செமீசியின் அம்மா மோயெலாங்கி. மகனைப் பிடித்துத் தள்ளிவிட்டு, அண்ணனின் தலையை மடியில் வைத்துத் துணியால் அழுத்திப் பிடித்துக்கொண்டே அவள்தான் வண்டியில் கூட வந்திருக்கிறாள். அப்படிப் பிடித்திராவிட்டால் வழியிலேயே எல்லாம் முடிந்திருக்கும் என்று நர்ஸ் பிறகு சொன்னார். அப்போது எனக்கு அது தெரியாது. தெரிந்ததெல்லாம் அவள் யாருடைய தாய் என்பது மட்டும்தான். நான் அவளைப் பெயர் சொல்லாமல் கூப்பிட்டேன். எப்படிக் கூப்பிட்டேன் என்று எழுத முடியாது. கையும் இடுப்புக்குப் போய்விட்டது.

அவள் எழுந்திருக்கவில்லை, கும்பிடவில்லை. என்னை நிமிர்ந்து பார்த்துத் தணிந்த குரலில் சொன்னாள்: "அடிச்சது என் மகன்தான் ராசா. அவனைப் பெத்தவ நான். என்னை என்ன செய்யணுமோ செய். சத்தம் மட்டும் போடாதே. இப்பத்தான் கண்ணு அசந்திருக்கான்."

அண்ணா, என் கை அப்படியே நின்றுவிட்டது. என் அண்ணனின் தூக்கம் கலையக்கூடாது என்று அவள் எனக்குச் சொல்கிறாள். கத்தி வைத்திருக்கிறவன் நான். அக்கா என் பக்கத்தில் வந்து, மடிப்பிலிருந்து கத்தியை எடுத்து ஃபேதுவிடம் கொடுத்தாள். பிறகு அந்த வெள்ளை உடையோடு தரையில் மோயெலாங்கிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கூடையைத் திறந்தாள். "நேத்துலேர்ந்து சாப்பிட்டிருக்க மாட்டீங்க, அக்கா" என்றாள். மோயெலாங்கி வாங்க மறுத்தாள். "அப்ப நானும் சாப்பிடல. இந்தத் தடியனுங்களும் சாப்பிடல" என்று அக்கா கூடையை மூடப் போனாள். மோயெலாங்கி ஈரப்பலாத் துண்டு ஒன்றை எடுத்துக்கொண்டாள். ஃபேது வெளியே போய் டிரக்குக்குப் பின்னால் நின்று அழுதான்.

திரும்பும்போது வைதாலுவில் அக்கா வண்டியை நிறுத்தினாள். எங்களிடம் கேட்கவில்லை. செமீசியின் அப்பா காலையில் இருந்த இடத்திலேயே இருந்தார். "உங்க வீட்டம்மா சாப்பிட்டாங்க. மாத்துத் துணி வேணும்" என்றாள். அவர் உள்ளே போய் மடித்த உடை ஒன்றை எடுத்து வந்தார். அதைக் கொடுக்கும்போது பின்னால் இருந்த எங்களைப் பார்த்தார். நாங்கள் ஒருவரும் இறங்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அக்காவைத் தனியாகக் கேட்டேன், காலையிலேயே போகவேண்டாம் என்று ஏன் சொல்லவில்லை என்று. "சொல்லியிருந்தா வேற வண்டி பிடிச்சிருப்பீங்க. கூடவே கொஞ்ச தூரம் வந்தா திருப்பிடலாம்னு பார்த்தேன்" என்றாள். திருப்பிவிட முடியும் என்று நம்பிக்கை இருந்ததா என்று கேட்டேன். "எங்கே? ஸ்டீயரிங் வழுக்குற அளவுக்குக் கை வேர்த்துச்சு. வேற ஜெபமே வாயில வரல. ஆண்டவரே, என் காலு பிரேக்குப் பக்கம் போகாமப் பார்த்துக்கும்னுதான் வைதாலு தாண்டுற வரைக்கும் சொல்லிட்டே வந்தேன்" என்றாள்.

நம் கோபத்துக்குக் குறுக்கே கர்த்தர் ஆள் அனுப்புகிறார் என்று போதகர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். வானத்திலிருந்து யாராவது வருவார்கள் என்று நினைத்தேனோ என்னவோ. எனக்கு வந்தவர்கள் இரண்டு பெண்கள், அதில் ஒருத்தி எதிரியின் வீட்டுக்காரி. அன்று அவர்கள் இல்லையென்றால் இன்று செமீசி இருக்கும் சிறை அறையில் நானும் இருப்பேன். என் மனைவியின் வயிற்றில் இருக்கும் பிள்ளை ஒரு கொலைகாரனுக்குப் பிறக்கும். நான் மன்னித்துவிட்டேன் என்று மட்டும் நினைக்காதீர்கள். செமீசியின் முகத்தை நினைத்தால் இப்போதும் பல் நறநறக்கிறது. தடுத்து நிறுத்தப்பட்டவன், அவ்வளவுதான்.

அம்மா முதல் நாள் மோயெலாங்கி கொண்டுவந்த கஞ்சியை ஆஸ்பத்திரி வாசலிலேயே கொட்டிவிட்டாள். மறுநாளும் அவள் கொண்டுவந்தாள். அம்மா வாங்கிக் கீழே வைத்தாள். மூன்றாம் நாள், "உப்பு போட்டியா? அவனுக்கு உப்பு கம்மியா இருந்தா இறங்காது" என்று கேட்டாளாம். இப்போது பகலில் இருவரும் முறை வைத்து அண்ணன் பக்கத்தில் இருக்கிறார்கள். பேசிக்கொள்வது கிடையாது. அண்ணன் ஆட்களை அடையாளம் தெரிந்துகொள்கிறார். வலது கை இன்னும் அசையவில்லை. அது அசையாமலே போகலாம் என்று டாக்டர் சொன்னதை அம்மாவிடம் நாங்கள் சொல்லவில்லை. நீங்களும் சொல்லவேண்டாம். நேற்று அண்ணன் வாய் திறந்து, "நாம ஜெயிச்சோமா?" என்று கேட்டார். ஆட்டத்தைப் பற்றித்தான் கேட்டார். ஆமாம் என்று பொய் சொன்னேன்.

மற்றபடி, கறுப்புப் பன்றி குட்டி போட்டிருக்கிறது. மேல்தோட்டத்துச் சேம்பில் இலைக்கருகல் விழுந்திருக்கிறது, நீங்கள் வந்து பார்த்தால் நல்லது. அண்ணிக்கு அம்மா பின்னிய விசிறியைப் போதகர் மனைவியிடம் கொடுத்தனுப்பியிருக்கிறோம்.

அண்ணா, திங்கட்கிழமை விடியும்போது அவர்கள் இஃபோங்காவுக்கு, மன்னிப்புக் கேட்க, வருகிறார்கள். செமீசியின் அப்பா தலைமேல் பாயைப் போர்த்திக்கொண்டு நம் முற்றத்தில் மண்டியிடுவார். மோயெலாங்கியும் பக்கத்தில் இருப்பாள். அப்பாவின் பட்டம் உங்கள்மேல் இருப்பதால் அந்தப் பாயை எடுக்க வேண்டியதும் நீங்கள்தான், எடுக்காமல் விட முடிந்தவரும் நீங்கள்தான். எங்கள் யாருக்கும் அந்த உரிமை இல்லை. நீங்கள் எழுந்து போய் அந்தப் பாயை எடுக்காவிட்டால் என்ன ஆகும் என்று எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். ஃபேது இன்னும் டின்னைக் காலி செய்யவில்லை.

அதற்கு முன் ஞாயிறு சாயங்காலம் நம் வீட்டு ஜெபத்தை நீங்கள் நடத்தவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். இந்தப் பத்து நாளாக ஒன்று நடக்கிறது. பரமண்டல ஜெபத்தில், நாங்கள் மன்னிக்கிறதுபோல என்று சொல்ல வேண்டிய இடம் வந்ததும் எங்கள் எல்லாருடைய குரலும் நின்றுவிடுகிறது. அம்மாவால் முடியவில்லை, என்னாலும் முடியவில்லை. இசாயா அண்ணனின் சின்னப் பிள்ளைகள் மட்டும் அதைத் தனியாகச் சொல்லிக் கடக்கிறார்கள். பிறகு நாங்கள் சேர்ந்துகொள்கிறோம். வீட்டுக்குத் தலைவர் நீங்கள். அந்த இடத்தில் உங்கள் குரல் நிற்காவிட்டால் நாங்களும் சொல்லிவிடுவோம்.

கர்த்தர் உங்களைக் கடல் தாண்டிப் பத்திரமாகக் கொண்டு சேர்ப்பாராக. வெறுங்கையோடு வாருங்கள் அண்ணா.

உங்கள் சொல்லுக்குக் காத்திருக்கும் தம்பி,
தானியேலு