குணத்தின் காதிலிருந்து இலை இறங்கியது

என் அன்பு மச்சான் குணம்,

போரை வென்றுவிட்டோம்! எந்த மூலையில் இருந்தாலும் எழும்பி நின்று கேள். எனக்கு எழுத்து வராதென்பது உனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள்.

படிக்கிற மற்றவர்களுக்கும் விளங்க வேண்டுமே. நீ டொராண்டோவில். உன் சின்னக்காவின் புருஷன், என் சகலன் தேவன், நியூஜெர்சியில். இரண்டு பேரும் ஊரிலிருந்து குளிர்ச்சட்டைகூட இல்லாமல் போய் இறங்கியவர்கள். ஆனால் இருநூறு வருடத்துக்கு முந்திய அமெரிக்கா, கனடாச் சண்டையில் யார் வென்றது என்று பேச்சு வந்தால், துவக்குத் தூக்கிப் போனவர்கள் மாதிரிக் கதைப்பீர்கள்.

“வெள்ளை மாளிகையைக் கொளுத்தினது நாங்கள்!” என்பாய் நீ.

“கொளுத்தினது இங்கிலீசுக்காரன். அப்ப கனடா எண்டொரு நாடே இல்லையடா!” என்பான் அவன்.

உன் மனைவி மலர் தேத்தண்ணித் தட்டோடு வந்து, “வீட்டில அடுப்புப் பத்தவைக்கத் தெரியாது. இவர் மாளிகை கொளுத்தினவராம்!” என்று உன் மானத்தை வாங்குவாள்.

தீர்ப்பு இங்கே கங்காரு நாட்டில், டண்டினொங்கில், என் கராஜில். முந்நூற்றி நாலு என்கிற கடதாசி ஆட்டம், சீட்டுக்கட்டில் இரண்டிரண்டு பேராக ஆடுவது. நீயும் நானும் ஒரு பக்கம். தேவனும் உன் பெரியக்காவும், அதாவது என் வீட்டுக்காரியும், எதிர்ப்பக்கம். சொந்தத் தம்பிக்கு எதிராக அமெரிக்காவுக்கு ஆடினவள்! வெல்கிறவனின் நாடுதான், அடுத்த முறை சந்திக்கும்வரை, அந்தப் போரை வென்ற நாடு. தோற்றவன் காதில் என் வாசல் யூகலிப்டஸ் மரத்து இலை ஒன்று. அடுத்த ஆட்டத்தை வென்றால்தான் அது இறங்கும்.

கடைசி முறை தோற்றது நாங்கள். இலையோடுதான் விமானம் ஏறினாய். ஆஸ்பத்திரியிலிருந்து கதைத்தபோதும், “அத்தான், என்ர காதில இலை இன்னும் கிடக்கு” என்றாய். “இறக்காமல் விடமாட்டன்” என்றேன். நீ இல்லாமல் எப்படி இறக்குவது என்று யோசிக்கவில்லை.

போன கிழமை என் மகளின் புதுவீடு குடிபூரல். தேவன் வந்தான். மலரும் தனியே வந்தாள். நீ போனபிறகு அவள் ஒரு சபையிலும் வாய் திறந்து சிரித்ததில்லை. மறுநாள் பின்னேரம் கராஜில் உன் கதிரை வெறுமையாகக் கிடந்தது. தேவன் கடதாசிக் கட்டைத் தொடவே இல்லை.

“குணம் இல்லாமல் என்ன விளையாட்டு, அண்ணை? கனடாவே வெண்டதெண்டு வைப்பம். நான் விட்டுத் தாறன்.”

நல்ல மனத்தோடுதான் சொன்னான். ஆனால் மலருக்கு முகம் சிவந்துவிட்டது.

“சும்மா தந்தால் அவர் வாங்குவாரோ? அண்ணை, அந்தக் கதிரையை இழுங்கோ.”

“தங்கச்சி, உமக்கு இந்த விளையாட்டுத் தெரியுமோ?” என்றேன்.

“உங்களுக்குத் தேத்தண்ணி ஊத்தின நேரமெல்லாம் நாலு பேரின்ர கையையும் பார்த்துக்கொண்டுதான் நிண்டனான்.”

மச்சான், அவள் எடுத்த எடுப்பில், முந்நூற்றி நாலு புள்ளியில் இருநூற்றைம்பது எடுப்பேனென்று கேட்டாள்! “எடி, உனக்கு விசரே?” என்றாள் உன் அக்கா. நீகூட அப்படிக் கேட்க ஒருமுறை கடதாசியையும் ஒருமுறை என் முகத்தையும் பார்த்திருப்பாய். அவள் ஒருவரையும் பார்க்கவில்லை.

கடைசிப் பிடி. அதில்தான் எல்லாம் தொங்கியது. தேவன் ஆஸை ஓங்கி அடித்தான். ஆஸையும் வெட்டுகிற துரும்புச் சாதி முடிந்ததென்று அவன் நினைப்பு. துரும்பில் ஒன்பது இன்னும் விழவில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் அது யாரிடம்? உன் அக்காவிடமா, மலரிடமா? எனக்கு நெஞ்சு இடித்த இடி உனக்குக் கேட்கவில்லையா?

மலர் நோகாமல் வைத்தாள். துரும்பு ஒன்பது!

நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. தேவன் தானே வாசலுக்குப் போய் இலை பிடுங்கி வந்து, தலையைக் குனிந்து, “கொழுவும் தங்கச்சி” என்றான். அவள் கொழுவினாள். பிறகு நிமிர்ந்து, உன் குரலில், உன் திமிரோடு சொன்னாள்:

“வெள்ளை மாளிகையைக் கொளுத்தினது நாங்கள்!”

சொல்லிவிட்டுச் சிரித்தாள் பார், கராஜ் நிறைந்தது.

அங்கே யாரோடு கடதாசி போடுகிறாய்? ஒரு அமெரிக்கனாவது அகப்பட்டானா? இனி நிமிர்ந்து உட்கார்ந்து ஆடு, உன் காதில் இப்போது ஒன்றுமில்லை.

தேவன் பழிவாங்க வருவான். வரட்டும். உன் கதிரையில் மலர் இருப்பாள், எதிரே நான் இருப்பேன். என் கையில் கடதாசி நிற்கும்வரை இந்தப் போரை அவனுக்குக் கொடுக்கமாட்டேன். இது உனக்குச் சத்தியம்.

உன்னோடு சேர்ந்து தோற்று, உனக்காக வென்ற
உன் பெரியத்தான்