இருபத்திரண்டாம் பக்கக் கணக்கு

மார்ச் 3

அன்புத் தங்கைக்கு,

உன்மீதும் உன் வீட்டார்மீதும் இறைவனின் சாந்தி நிலவட்டும். நான் ஓதிக்கொடுக்கும் பெண்பிள்ளைகள் மதரஸாவுக்காக நீ எழுதிய பாடநூல் நாற்பது பிரதி வந்தது. ஓதுகிற இடத்தில் கணக்கு எதற்கு என்று நிர்வாகத்தில் முணுமுணுத்தார்கள். "மார்க்கத்தோட சேர்த்துத்தானே சொல்லித் தர்றா" என்று உனக்காகப் பரிந்து பேசினேன். பிறகுதான் இருபத்திரண்டாம் பக்கத்தைப் பார்த்தேன்.

'ஒருவர் ஒரு மகனையும் ஒரு மகளையும் விட்டு இறந்தார். இருப்பது ஒரு வீடு. மகளின் பங்கு என்ன?'

பின்னக் கணக்குக்கு வேறு உதாரணமே கிடைக்கவில்லையா? நம் வாப்பா மவுத்தாகி அடக்கம் செய்து ஒன்பது வருடம். அவர் விட்டுப்போன வீட்டில் நான் இருக்கிறேன். இந்தப் பாடம் பிள்ளைகளுக்கா, எனக்கா?

உன் அண்ணன்

மார்ச் 19

அன்புள்ள அண்ணனுக்கு,

சலாம். பாகப்பிரிவினை மார்க்கம் சொன்ன கணக்கு. பிள்ளைகள் ஓதியதன் பொருளைத் தாங்களே போட்டுப் பார்க்க வேண்டும் என்றுதான் இந்த நூலே. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். நான் சொல்ல மாட்டேன்.

எங்கள் கல்வி அலுவலகத்துக்கு ஒரு மொட்டைக் கடிதம் வந்திருக்கிறது. நூல் மார்க்கத்துக்கு விரோதமாம். நிறுத்திவைக்கலாமா என்று மேலதிகாரி யோசிக்கிறார். அதில் 'பணிவுடன் எச்சரிக்கிறேன்' என்று ஒரு வரி. பணிவாக எச்சரிக்கிறவர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான்.

நீங்களா? ஒரு சொல்லில் பதில் போதும்.

தங்கை

ஏப்ரல் 11

தங்கைக்கு,

ஆமாம்.

அதோடு நிற்கவில்லை. நாற்பது பிரதியிலும் அந்தப் பக்கத்தைப் பசை போட்டு ஒட்டினேன். உன் மருமகள், என் மகள்தான், நகத்தால் பிரித்துப் படித்திருக்கிறாள். வகுப்பில் எழுந்து, நான் ஓதிக்கொடுத்த வசனத்தை எனக்கே ஓதிக் காட்டினாள். "மகனுக்கு ரெண்டு, மகளுக்கு ஒண்ணு; மூணுல ஒண்ணு வாப்பா. அப்போ நம்ம வீட்டுல மாமி பங்கு எது?"

"உக்காரு" என்றேன். உட்கார்ந்தாள்.

வீட்டுக்கு வந்து உம்மாவிடம் சொன்னேன். "நீங்களே பேசிக்குங்க" என்று எழுந்து போய்விட்டார்கள்.

புகாரைத் திரும்பப் பெறுகிறேன் என்று பெயரோடு உன் அலுவலகத்துக்கு எழுதிவிட்டேன். உன் பங்குக்குப் பத்திரம் எழுத வா. ஆனால் உண்மையைச் சொல்: அந்தக் கணக்கை எழுதும்போது என்னை நினைக்கவே இல்லையா?

அண்ணன்

ஏப்ரல் 27

அண்ணனுக்கு,

நினைத்தேன். தோட்டம் என்று போட்டிருக்கலாம்; வீடு என்று போட்டேன். நேரே கேட்க வாய் வராமல் பாடத்துக்குள் ஒளிந்துகொண்டேன். நானும் பெயர் போடாமல்தான் எழுதியிருக்கிறேன். மன்னியுங்கள்.

நூலுக்குத் தடை இல்லை. வெள்ளிக்கிழமை நானும் வருகிறேன்.

மருமகளிடம் மட்டும் சொல்லுங்கள், அவள் கணக்கு தப்பு. புத்தகத்தில் இருப்பவர் மகனையும் மகளையும்தான் விட்டுப் போனார். வாப்பா உம்மாவையும் விட்டுப் போனார்கள். முதலில் மனைவிக்கான எட்டில் ஒன்று உம்மாவுக்கு; மிச்சத்தில்தான் நீங்களும் நானும். ஓதிக்கொடுத்த நீங்களும் கேட்கவில்லை, பாடம் எழுதிய நானும் கேட்கவில்லை.

நான் வருவதற்குள் உம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவையுங்கள்.

தங்கை