படம் நல்லா இருந்த பாப்பா

அக்கா,

மாற்றுத்திறனாளி அட்டைக்கு எழுதிப்போட பிறப்புச் சான்றிதழைத் தேடினேன். பீரோவில் துணிக்கு அடியிலிருந்து பாப்பாவின் தலை ஸ்கேன் படம் வந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். இப்போதும் எனக்கு அதில் ஒன்றும் புரியவில்லை.

உன் மகளுக்கும் என் மகளுக்கும் ஒரே நாளில்தான் ஸ்கேன் எடுத்தார்கள். இரண்டும் குறைமாதத்தில் பிறந்து, வேலூர் ஆஸ்பத்திரியில் பக்கத்துப் பக்கத்துக் கண்ணாடிப் பெட்டியில் கிடந்தவை. அங்கேதான் நீ எனக்கு அக்காவானாய். பால் கொடுத்து, துணியில் இறுக்கிச் சுற்றி, தூங்கவைத்து உள்ளே எடுத்துப் போனார்கள். உன் மகள் கையிலிருந்த தாயத்தை நர்ஸ் கழற்றச் சொன்னார். நீ அதை உள்ளங்கையில் மூடிக்கொண்டு ஓதிக்கொண்டே இருந்தாய். உள்ளே மெஷின் தடதடவென்று அடிக்க, நான் உன் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டேன்.

சாயங்காலம் டாக்டர் உன்னிடம், மூளையில் பாதிப்பு தெரிகிறது, நடப்பது கஷ்டம் என்றார். என்னிடம், "படம் நல்லா இருக்கும்மா. ஆனா படத்தை வச்சே முழுசா சொல்லிட முடியாது, செக்கப்புக்கு விடாம வாங்க" என்றார். நான் முதல் வரியை மட்டும் வாங்கிக்கொண்டேன். நீ அழுதுகொண்டே, "உன் பாப்பாவாவது நல்லா இருக்கே, அது போதும்டி" என்று என் தலையைத் தடவினாய். அந்த நேரத்தில் எனக்குள் ஒரு நிம்மதி வந்ததே, அதை நினைத்தால் கூசுகிறது.

நீ மேல்விஷாரத்திலிருந்து வாராவாரம் அதே ஆஸ்பத்திரிக்கு, கைகால் பயிற்சி தரும் பிசியோவுக்குப் போனாய். "நீயும் வாயேன்டி, சும்மா ஒருவாட்டி காட்டிட்டுப் போலாம்" என்று போன் செய்வாய். நான் ஆம்பூர் ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் இருந்தேன். "படந்தான் நல்லா இருக்கேக்கா, எதுக்குப் பேஜாரு? லீவும் கெடைக்காது" என்பேன்.

ஒன்றரை வயதில் உன் மகள் நடந்தாள். வீடியோ அனுப்பினாய். என் மகள் அப்போது உட்காரவைத்தாலே சாய்ந்து விழுந்துகொண்டிருந்தாள். எனக்கு வயிறு எரிந்தது அக்கா, மறைக்க என்ன இருக்கிறது. அதற்கப்புறம் உன் பெயர் வந்தால் போனைக் கவிழ்த்து வைத்துவிடுவேன். மழைக்காலத்தில் காய்ச்சல் வந்து நாலே நாளில் நீ போய்விட்டாய் என்று உன் தம்பி சொன்னபோது, முதலில் அந்த எடுக்காத போன்கள்தான் ஞாபகம் வந்தன.

பாப்பாவுக்கு இப்போது மூன்று வயது. நிற்கவைத்தால் கால் கத்தரி மாதிரி பின்னிக்கொள்கிறது. முன்னமே கூட்டிவந்திருந்தால் நடந்திருப்பாளா என்று டாக்டரைக் கேட்டேன். "சொல்ல முடியாதும்மா" என்றார். ஆமாம் என்றிருந்தால்கூட அழுது தீர்த்திருப்பேன்.

பிசியோவுக்கு முதன்முதலாகப் போனபோது, அங்கிருந்த பெண் பாப்பாவின் பெயரைக் கேட்டு நிமிர்ந்தாள். "ஆம்பூர் பாப்பாவா? விஷாரத்து அக்கா எப்பவோ பேர் குடுத்துட்டாங்களே. வர்றப்பல்லாம், அடுத்த வாரம் வந்துடுவான்னு சொல்லுவாங்க. அவங்க பொண்ணு நடந்ததுக்கப்புறமும் ரெண்டு மூணு வாட்டி வந்து கேட்டுட்டுப் போனாங்க. எப்டி இருக்காங்க?"

"நல்லா இருக்காங்க" என்றேன்.

பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு வாராவாரம் போகிறேன். "அந்த அக்காவ ஒருநாள் கூட்டிட்டு வாங்க" என்கிறாள் அவள்.

"அடுத்த வாரம் வந்துடுவாங்க" என்று சொல்லிவிட்டு வருகிறேன்.