உயிலில் இருந்த அம்மணி

அன்புள்ள நங்கைக்கு,

அண்ணன் மனைவியை நம் பக்கத்தில் கூப்பிடுகிற இந்த வார்த்தை என் வாயில் வர ஏழு வருஷம் ஆகியிருக்கிறது. அப்பா காரியத்துக்கு வந்தபோதுகூட உங்களோடு நான் பேசவில்லை. இப்போது கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை, முழுசாகப் படியுங்கள்!

அப்பா உயில் எழுதியிருக்கிறார். நிறைவேற்றும் பொறுப்பு என்னுடையது. அவர் கையெழுத்திலேயே, "அன்னூர் வீடு அம்மணிக்கு" என்று இருக்கிறது. பெயர் இல்லை. ஆர்.எஸ்.புரம் வக்கீல் சிரித்தார்.

"பெத்த புள்ளையத்தானுங்க அம்மணிம்பாங்க. ஊடு உங்களுக்குத்தானுங்க."

அப்பா என்னைக் கண்ணு என்று மட்டும்தான் கூப்பிடுவார். ஆனாலும் தலையாட்டிவிட்டு வந்தேன்.

நேற்று பேங்க் விவரத்துக்காக அப்பாவின் போனைத் திறந்தேன். 'அம்மணி' என்று ஒரு நம்பர்! தினமும் காலை ஆறரைக்கு, அவர் பால் வாங்கப் போகிற நேரத்தில், ஒரு கால். அழுத்தினேன். "மாமா?" என்றீர்கள். பதறிப்போய்க் கட் பண்ணியது நான்தான்.

சர்ச்சில் உங்களுக்குத் தாலி கட்டிய அண்ணன் பேச்சே வீட்டில் கூடாது என்ற மனுஷன்! தினமும் அப்படி என்னதான் பேசினீர்கள்?

வக்கீலிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். போன்தான் சாட்சி. திங்கட்கிழமை ஆதாரோடு வாருங்கள், அண்ணனையும் இழுத்து வாருங்கள்.

அதற்கு முன்னால் ஒரு நாள் ஆறரைக்கு அதே போனிலிருந்து கூப்பிடுவேன். எடுத்ததும் என்னை ஒரு தடவை கண்ணு என்பீர்களா? இப்போது அப்படிக் கூப்பிட ஆளில்லை.

உங்கள் நாத்தனார்