காளிக்கு ஒரு ஜோடி சிவப்புக் கண்

7.2.2010, ஞாயிறு. கடலூர் முதுநகர்

காலையில் பனி. எதிர்வீடு தெரியவில்லை. அங்காளம்மன் கோயில் மயானக்கொள்ளைத் திருவிழாவுக்கு இன்னும் ஏழு நாள். வழக்கம்போல் காளி வேஷம். பாதி வழி அடியேன், மீதி வழி தங்கை புருஷன். பாண்டிச்சேரி ஃபேன்சி கடையில் சிவப்பு லென்ஸ் ஒரு ஜோடி வாங்கிவிட்டேன். கண்ணுக்குள் போடுவது. டப்பாவில் மிதக்கும்போதே மூன்று உலகமும் நடுங்கிற்று. போடத்தான் தெரியவில்லை. விரல் கிட்டே வந்தாலே இமை கடை ஷட்டர் மாதிரி இறங்குகிறது.

சம்சாரம்: "நீங்க முறைக்கறதுக்கு லென்ஸ் வேறயா?"

8, திங்கள். சிதம்பரம்

வெயில். பஸ்ஸில் உட்கார இடமில்லை. அண்ணாமலை நகர் ஹாஸ்டலில் தங்கை மகள் செல்வி. கண் பரிசோதனைப் படிப்பு. டப்பாவைப் பார்த்ததும் முகம் மாறிற்று.

"யாரு அளவெடுத்தாங்க மாமா?"

"எல்லாருக்கும் ஒரே சைசுன்னான் கடைக்காரன்."

"செருப்புக்கே சைசு இருக்கு. கண்ணுக்கு இல்லியா?"

கையோடு கீழவீதி கண் டாக்டரிடம். மெஷினில் தாடையை வைத்து அளந்தார். கடை லென்ஸ் எனக்கு இறுக்கமாம். கருவிழிக்குக் காற்றுப் போகாதாம். கண் மூச்சு விடுகிறது! நாற்பத்தாறு வருடமாக என்னிடம் ஒருத்தரும் சொல்லவில்லை. கடை ஜோடி குப்பைக்கு. அளவுக்கேற்றது சென்னையிலிருந்து வரும்.

12, வெள்ளி

மறுபடி சிதம்பரம். லென்ஸ் வந்துவிட்டது. செல்வி போட்ட சட்டம்:

சோப்பில் கை கழுவித் துடைக்கணும்
லென்ஸ் கழுவ அதற்குள்ள சொல்யூஷன் மட்டும். குழாய்த் தண்ணீர், எச்சில் கூடாது
முதலில் லென்ஸ், அப்புறம்தான் மேக்கப்
4 மணி நேரம். தூக்கம் கூடாது
எரிந்தால் உடனே கழற்றணும்
இன்னொருத்தருக்குக் கொடுக்கவே கூடாது

"அப்பா கேப்பாரு மாமா. குடுத்துடாதீங்க. அவரு போட் ஓட்டுறதே கண்ண நம்பித்தான்."

பதினோராவது முயற்சியில் உள்ளே போயிற்று. உலகமே சிவக்கும் என்று பார்த்தால் சுவர் வெள்ளையாகவே நிற்கிறது. பார்க்க வசதியாக லென்ஸ் நடுவில் நிறமில்லாமல் ஓட்டை விட்டிருக்கிறார்களாம். சிறு ஏமாற்றம்.

14, ஞாயிறு

காளி புறப்பாடு. விபூதி வீசினார்கள். கண்ணை இறுக மூடினேன். அம்மன் தியானம் என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

பிள்ளையார் கோயில் முனை. வேஷம் கைமாறும் இடம். கிரீடம், நாக்கு, எட்டுக் கை எல்லாம் மச்சானிடம்.

"கண்ணயும் கழட்டிக் குடு மச்சான்."

"அது மட்டும் முடியாது. செல்வி குடுக்கக் கூடாதுன்னுட்டா."

"அம்மனுக்குப் பாதி வழியில கண்ணு மாறலாமா? கிரீடத்தக் குடுத்தவன் கண்ணக் குடுக்கமாட்டியா?"

கூட்டத்தில் முணுமுணுப்பு. பூசாரி என்னையே பார்த்தார். இந்த முனையில் இதுவரை நான் எதையும் மறுத்ததில்லை. மச்சான் கிரீடத்தைத் திருப்பி நீட்டிவிட்டான். முகம் சுருங்கிப்போயிற்று. தங்கை வீட்டு உறவே போச்சு.

பக்கத்தில் மேக்கப்காரரின் சிவப்பு மைக் கிண்ணம். விரலை விட்டு மச்சான் நெற்றியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கண் வரைந்தேன்.

"நெத்திக்கண்ணுடா!" என்று யாரோ கத்தினார்கள். பம்பை அதிர்ந்தது. மச்சான் கிரீடத்தை மாட்டிக்கொண்டு ஒரு ஆட்டம் ஆடினான் பாருங்கள், சிப்காட் புகைபோக்கியெல்லாம் சாய்ந்திருக்கும். என் ராஜ லென்ஸை ஒரு ஜீவனும் கவனிக்கவில்லை. மூன்றரை மணி நேரத்தில் கழற்றினேன். எரிச்சல் இல்லை. கண்ணில்.

15, திங்கள்

மச்சான் நெற்றி மை போகவில்லையாம். மண்ணெண்ணெய் வரை தேய்த்துப் பார்த்துவிட்டு அப்படியே கடலுக்குப் போய்விட்டான். செல்வி போன்.

"அப்பா கண்ணு எப்பிடி இருக்கு மாமா?"

"மூணும் நல்லா இருக்கு."