குங்குமம் வைத்த தகடு

இன்று பாகூர் பக்கம் ஒரு பால் குளிரூட்டும் தொட்டியில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்கச் சிவப்புச் சாயம் அடித்துத் துடைத்து, மேலே வெள்ளைப் பொடியைத் தெளித்தேன். அந்த ஸ்பிரேயின் நெடி மூக்கில் ஏறியதும் நீ பக்கத்தில் வந்து நின்றாய். போன தடவை நான் வெல்டிங் வைத்த இடத்தை ஒட்டியே புது விரிசல். உள்ளே புகுந்த சாயம் வெள்ளையில் சிவப்புக் கோடாக ஊறி வந்தது.

உனக்கு அந்தக் கோட்டைக் கண்டாலே ஆகாது. "ஸ்டெயின்லெஸ்ஸ உருக்கி ஒட்டுனா பக்கத்துல பொளக்கத்தான் செய்யும் பாய்" என்பாய். உருக்காமலே ஒட்டவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாய். நாம் வேலை பார்த்த வில்லியனூர் ஷெட்டில் இருந்த பழைய மில்லிங் மெஷினில் ஒரு கெட்டியான முனையை மாட்டி, சுழலவிட்டு, விரிசல்மேல் அழுத்தி நகர்த்தினாய். உரசிய சூட்டிலேயே தகடு இளகி, மாவு பிசைந்தாற்போல் இரண்டு பக்கமும் கலந்தது. எத்தனையோ முனைகள் தேய்ந்தன. கடைசியாக மிச்சமிருந்ததில்தான் ஒரு தகடு தேறியது. அதைக் காட்டி முதலாளியைச் சம்மதிக்க வைக்காவிட்டால் இந்த வேலையையே மூட்டை கட்ட வேண்டியதுதான்.

மறுநாள் ஆயுத பூஜை. மெஷினுக்குக் குங்குமப் பொட்டு வைத்த கையோடு, தகட்டில் ஒட்டிய தடத்துக்கும் வைத்தாய். "கோச்சிக்காத பாய், இன்னிக்கு இதான் எனக்குச் சாமி" என்றாய். உன் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

பூஜை முடிந்ததும் பொட்டைத் துடைத்துவிட்டு, முதலாளி முன்னால் சாயம் போட்டுப் பார்த்தோம். ஒட்டிய தடத்தின் மேலேயே சிவப்பு கசிந்தது.

"இன்னாப்பா, இதுவும் புட்டுக்கிச்சா?" என்று கேட்டுவிட்டு அவர் போய்விட்டார்.

நீ தகட்டைக் குறுக்கே அறுத்தாய். உள்ளே மயிரிழைப் பிளவுகூட இல்லை. முனை ஓடிய வரிகளில் சிக்கியிருந்த குங்குமம்தான் கரைந்து மேலே வந்திருக்கிறது. துண்டை எடுத்துக்கொண்டு அவரிடம் ஓடினோம்.

"அறுத்ததக் காட்டி இன்னா பண்றது? முழுசா ஒண்ணு கொண்டா" என்றார், துண்டைத் திரும்பிக்கூடப் பார்க்காமல்.

அடுத்த தகட்டில் முனை முறிந்தது. வேறு முனை வாங்கித்தர அவருக்கு மனமில்லை. மெஷின் காயலான் கடைக்குப் போனது. தை பிறப்பதற்குள் மாரடைப்பு உன்னையும் கொண்டுபோய்விட்டது. "மெஷினு போன அன்னிக்கே அவரும் போயிட்டாரு பாய்" என்று ஒதியம்பட்டு வீட்டில் உன் மனைவி சொன்னாள். எனக்கு ஆத்திரமாக வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

அந்தத் தகடு ஒட்டியதை உள்வரை பார்த்தவர்களில் இப்போது நான் ஒருவன்தான் மிச்சம். ஆரம்பத்தில் பார்ப்பவர்களிடமெல்லாம் சொன்னேன், பிறகு விட்டுவிட்டேன். நீ செய்தது சரி என்ற நம்பிக்கை இன்னும் என்னிடம் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு ஒரு விரிசலைக்கூட மூட முடியவில்லை. நானும் உருக்கித்தான் ஒட்டுகிறேன்டா.