முப்பத்தெட்டாம் நம்பர்

அத்தை, உங்கள் டிரங்குப் பெட்டியைத் திறந்ததும் பாச்சை உருண்டை வாசனை மூக்கில் ஏறியது. பதினாறாம் நாள் காரியம் முடிந்து, உங்கள் புடவைகளை யாருக்குக் கொடுப்பது என்று உங்கள் மகன் கேட்டதால்தான் திறந்தேன். செத்தவர்களைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல வேண்டுமாம். எனக்கு வரவில்லை. பெட்டியின் அடியில், பழைய பாவாடைக்குள் சுருட்டி வைத்திருந்த உங்கள் வெள்ளை பாடியைப் பார்த்த பிறகு சுத்தமாக வரவில்லை.

கல்யாணமான புதிதில் பாடி வாங்கக் கள்ளக்குறிச்சிக் கடைக்கு நீங்கள்தான் என்னைக் கூட்டிப் போனீர்கள். கல்லாவில் ஆண். நான் வாயைத் திறப்பதற்குள் குரலைத் தாழ்த்தி, "முப்பத்ரெண்டுல ரெண்டு குடுப்பா, பேப்பர்ல நல்லா சுத்திக் குடு" என்றீர்கள். இறுக்குமே என்று நான் முனகினேன். வெளியே வந்து, "ஒனக்கு இன்னா இருக்குதுன்னு பெரிய நம்பரு கேக்கற?" என்று சிரித்தீர்கள்.

நான் அகல உடம்புக்காரி. தோளும் விலாவும் அப்பா வீட்டு வாகு, மார்பு மட்டும் சிறியது. மார்பு சிறிதென்றால் நம்பரும் சிறிது என்பது உங்கள் கணக்கு. நம் தெருவில் எல்லாப் பெண்களுக்கும் அதே கணக்கு என்பதால் நானும் நம்பித் தொலைத்தேன்.

பட்டை விலாவை அறுத்தது. வியர்வை பட்டுப் புண்ணானது. துவைத்ததையாவது வெயிலில் போட விட்டீர்களா? கொடியில் உங்கள் புடவைக்கு அடியில், எவர் கண்ணிலும் படாமல் காய வேண்டும். அது எங்கே காயும்? ஈரத்தோடு மாட்டிக்கொண்டு கொல்லை வேலைக்கு வருவேன்.

மலையடிவாரக் கொல்லையில் மக்காச்சோளம் ஒடித்த அன்று எனக்கு மூச்சு முட்டியது. வரப்பில் உட்கார்ந்து, முதுகுப் பக்கம் கையை விட்டுக் கொக்கியை அவிழ்த்தேன். அத்தனை ஆட்கள் முன்னால் கத்தினீர்கள்.

"இன்னாடி வெக்கங்கெட்ட வேல இது? ஆம்பளைங்க நிக்கறாங்க, கண்ணு தெரியல? நானும்தான் போட்டுக்கினு கீறேன். எனக்கு மூச்சு முட்டுதா?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் கொக்கியை மறுபடி மாட்டிக்கொண்டேன். உங்களுக்கு முட்டாத மூச்சு எனக்கு முட்டுகிறதென்றால் கோளாறு என் உடம்பில்தான் என்று அன்றைக்கு முடிவு கட்டினேன். பல வருடம் அதே நினைப்புதான்.

பிறகு ஒரு கல்யாணத்துக்காக உளுந்தூர்பேட்டை போனேன். பஸ்ஸுக்குக் காத்திருந்த நேரத்தில் ஒரு ஜவுளிக்கடைக்குள் நுழைந்தேன். அங்கே விற்கிறவளே ஒரு பெண். மறைவுக்குக் கூட்டிப் போய், மார்புக்குக் கீழே டேப்பைச் சுற்றினாள்.

"அக்கா, இந்த நம்பரு மாருக்கு இல்லீங்க. ஒடம்பு சுத்தளவுக்கு. மாருக்கு ஏ, பி-ன்னு எழுத்து தனியா இருக்குது. ஒங்களுக்கு முப்பத்தெட்டு, ஏ. பட்டைக்குள்ள ரெண்டு வெரலு போவணும். கையத் தூக்குனா முதுவுல ஏறக் கூடாது, அவ்ளோதான்."

போட்டுப் பார்த்தேன். அத்தை, அந்த மறைவில் நின்று வயிறு வரை மூச்சை இழுத்து விட்டேன். அழுகை வந்துவிட்டது. அரக்கு நிறம், மூன்று கொக்கி வைத்த அகலப் பட்டை.

அதற்கு ஆயுள் ஒரு வாரம். எதிர் வீட்டுக்காரிகள் முன்னால் அதைத் தூக்கிப் பிடித்து, "முப்பத்தெட்டாம்! இல்லாத மாட்டுக்கு எதுக்குடி இவ்ளோ பெரிய கொட்டாயி?" என்றீர்கள். மறுநாள் கொடியில் அது இல்லை. கேட்டதற்கு, "அடுப்புல போட்டுட்டேன். குடும்பப் பொம்பள போடற கலராடி அது?" என்றீர்கள். மறுபடி முப்பத்திரண்டுக்குள் போனேன். ஏன் எதிர்த்துப் பேசவில்லை என்று என் மீதும் எனக்கு ஆத்திரம்தான். ஆனால் இந்த மடல் உங்களுக்கு.

இப்போது சொல்லுங்கள். உங்கள் வெள்ளை பாடியின் துணியிலும் முப்பத்திரண்டு என்றுதான் அச்சடித்திருக்கிறது. ஆனால் முதுகுப் பக்கம் வெட்டி, நடுவில் வேறொரு பட்டையை வைத்து, பொடித் தையலாகக் கையாலேயே தைத்திருக்கிறீர்கள். அரக்கு நிறம். மூன்று கொக்கி. அடுப்பில் எரிந்துபோன என்னுடைய பட்டை.

ரவிக்கைக்கு மேலேயே சுற்றி மாட்டிப் பார்த்தேன். சுலபமாக மாட்டியது. உள்ளே இரண்டு விரல் போனது. நீங்களும் முப்பத்தெட்டுதான், அத்தை. உங்களுக்கும் மூச்சு முட்டியிருக்கிறது. தெரிந்துகொண்டே, என் மூச்சை வெட்டி உங்கள் முதுகில் தைத்துக்கொண்டு, கொல்லையில் என் பக்கத்திலேயே நின்று கதிர் ஒடித்திருக்கிறீர்கள். "எனக்கும் முட்டுதுடி" என்று ஒரு தடவை, காதோடு காதாகச் சொல்லியிருந்தால் என்ன குறைந்து போயிருக்கும்?

பாவம் என்று நினைக்கப் பார்த்தேன். முடியவில்லை. புடவைகளை எல்லாம் கொடுத்துவிட்டேன். அதை மட்டும் துவைத்து, வாசல் கொடியில், நல்ல வெயிலில், தெருவே பார்க்கப் போட்டேன். உங்கள் மகன் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு போனார்.

போன வாரம் உளுந்தூர்பேட்டைக்குப் போய் இரண்டு வாங்கி வந்தேன். மார்புக்குக் கீழே பட்டை அறுத்த தழும்பு கறுப்பாக அப்படியே இருக்கிறது, இனிப் போகாது. தினமும் காலையில் கொக்கி மாட்டும்போது விரல் அதன் மேல் படும். பட்டதும் உங்களைத் திட்டுகிறேன். திட்டுவதற்கு இப்போது மூச்சு தாராளமாக இருக்கிறது.